பதினோராவது தோட்டா

கோல்டர்ஸ் பெண்ட், மிசூரி
அக்டோபர் 4

தம்பி வெர்லனுக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். லெனோரின் கையைத் துளைத்த குண்டு உன் விரல் அழுத்திப் போனது. அதை நான் சுட்டதாக நீ ஷெரிஃப் ஆபீஸ் ஆளிடமும் போதகர் ஹாலிஸிடமும் சொன்னாய். சொல்லிவிட்டு ஒரே வாரத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஐடஹோவில் இருக்கும் மகள் ஷெல்பி வீட்டுக்குப் போய்விட்டாய். நடந்த அநியாயம் இதுதான். போனில் என் பெயரைப் பார்த்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால் எழுதுகிறேன்.

மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். அறுவடை விருந்து. சபையின் காவல் குழுவுக்கு நீ தலைவன், நான் அதில் ஒரே பெண். குழுவில் இருப்பவர்கள் இனிமேல் துப்பாக்கியோடு, தோட்டா அடைத்த இரண்டு உபரி மேகசினையும் இடுப்பில் கட்டிக்கொண்டுதான் ஆராதனைக்கு வர வேண்டும் என்று நீ புதுச் சட்டம் போட்டாய். என் ரிவால்வரில் ஐந்து தோட்டா இருக்கிறது, ஆறாவது எனக்கு வேண்டாம் என்றேன்.

"அஞ்ச வச்சுக்கிட்டு என்னக்கா பண்ணுவ? மூணு பேர் வந்தா?"

"முத வெடிச் சத்தத்துலயே ரெண்டு பேர் ஓடிருவானுங்க. கடையில ஆயுசுக்கும் தோட்டா வித்தவ சொல்றேன். எங்கிட்ட வாங்குனவன்ல ஒருத்தன்கூடத் திரும்பி வந்து, ஆறாவது இல்லாம தவிச்சுட்டேன்னு சொன்னதில்ல."

"தவிச்சவன் எப்படிக்கா திரும்பி வருவான்?"

மேசையே சிரித்தது. எனக்கு ரோசம் வந்துவிட்டது. அத்தனையும் சேர்ந்து என்ன கனம் கனக்கிறது, கொடு பார்க்கலாம் என்றேன். விருந்துக் கூடத்தில் துப்பாக்கியை வெளியே எடுக்கக் கூடாது என்பதால், நாற்காலிகளை அடுக்கி வைக்கும் பின் அறைக்குப் போனோம். நாம் இரண்டு பேர் மட்டும். நீ பிஸ்டலிலிருந்து மேகசினைக் கழற்றி, தோட்டாக்களை ஒவ்வொன்றாக ஒரு நாற்காலி மேல் தள்ளி எண்ணினாய். "பத்து. காலி" என்றாய். விசை எவ்வளவு லேசு பார் என்று சுவர்ப் பக்கம் நீட்டி அழுத்தினாய்.

காலையில் நீ செய்யும் சடங்கு ஊருக்கே தெரியும். ஒன்றைக் குழலுக்குள் ஏற்றுவாய். பிறகு மேகசினைக் கழற்றி, அதில் குறைந்த ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைத் திணிப்பாய். பத்துக்கு மேல் ஒன்று. அதைச் சொல்லித்தான் மார்தட்டுவாய். அன்றைக்கு அந்த ஒன்றை மறந்தாய். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் லெனோர் மாலை ஆராதனைக்குப் பியானோ பழகிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பிஸ்டல் அப்புறம் நிஜமாகவே காலிதான். ஆனாலும் அதை உன் கையில் பார்க்கப் பொறுக்காமல் பிடுங்கினேன். கதவைத் திறந்து வந்தவர்கள் கண்ணில் பட்டது என் கையில் இருந்த பிஸ்டல்தான்.

போதகருக்கும் லெனோருக்கும் உண்மையை எழுது.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஷெல்பியும் குழந்தையும் சுகம்தானே?

இடெல்லா


வில்லோ ஃபிளாட், ஐடஹோ
நவம்பர் 1

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் சுகம். உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? மாத்திரையை விடாதே. என் முழங்கால் குளிரில் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது, மற்றபடி பரவாயில்லை. இங்கே இப்போதே பனி விழுகிறது. ஜூனி நாள் முழுக்க என் காலைச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். ஷெல்பி வேலைக்குப் போகும் நேரத்தில் அவளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ எழுதியதைப் படித்தேன். அந்தச் சத்தத்தில், அந்த அவசரத்தில், யார் கை எங்கே இருந்தது என்று யாரால் அடித்துச் சொல்ல முடியும்? ஷெரிஃப் ஆபீசில் விபத்து என்று எழுதி மூடிவிட்டார்கள். உன் மேல் வழக்கு ஒன்றும் இல்லை. இனிக் கிளறி யாருக்கு என்ன லாபம்?

தோட்டா விஷயத்தில் மட்டும் நீ சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஷெல்பியின் வீடு ரோடு முடிகிற இடத்தில் இருக்கிறது. கூப்பிட்டால் ஷெரிஃப் வண்டி வந்து சேர்வதற்குள் ஒரு சமையலே முடிந்துவிடும். பயத்தில் சுடுகிறவனுக்குப் பாதிக்கு மேல் தவறும். மேகசின் சிக்கிக்கொண்டால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு அடுத்ததை மாட்ட வேண்டும். உபரி வைத்திருப்பது அதற்காகத்தான், வீரம் காட்ட இல்லை. ஐந்து போதும் என்று சொல்கிறவர்கள் அதிர்ஷ்டத்தை நம்புகிறவர்கள்.

லெனோருக்குக் கை எப்படி இருக்கிறது?

உன் தம்பி
வெர்லன்


கோல்டர்ஸ் பெண்ட்
நவம்பர் 12

தம்பி,

சர்க்கரை ஏறித்தான் இருக்கிறது. ஏன் என்று உனக்கே தெரியும்.

பாதிக்கு மேல் தவறும் என்கிறாய். தவறியது எங்கே போகும்? காற்றில் கரைந்துவிடுமா? நீ எத்தனை கட்டிக்கொண்டு திரிகிறாயோ, அத்தனையும் போய்ச் சேர ஒரு இடம் இருக்கிறது. அந்த இடத்தில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். நான் பள்ளிக்கூடம் முடிக்கவில்லை. என் புருஷன் கடையில் தோட்டாப் பெட்டிகள் மேல் அச்சடித்திருந்ததைப் படித்துப் படித்துத்தான் இந்த விஷயத்தைக் கற்றுக்கொண்டேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

போதகர் ஹாலிஸ் போன வாரம் வீட்டுக்கு வந்தார். கையில் பெக்கான் பருப்பு வைத்துச் சுட்ட இனிப்புப் பண்டம். பண்டத்தைப் பார்த்ததுமே நல்ல சேதி இல்லை என்று தெரிந்துவிட்டது. இனி நான் குழுவில் வேண்டாம் என்று சொல்லி, வாக்கிடாக்கியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

"மனசுல வச்சுக்காதீங்க சிஸ்டர். ரிவால்வர் பழகுன கைக்குப் பிஸ்டல் புரியாது. மேகசினக் கழட்டுனாலும் குழல்ல ஒண்ணு நிக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும், பாவம்."

எனக்கு! கடை மேசைக்குப் பின்னால் நின்று எத்தனை ஆம்பிளைகளின் முகத்துக்கு நேராகச் சொல்லியிருப்பேன், குழலைத் திறந்து பார்க்காமல் காலி என்று சொல்லாதே என்று! அவரிடம் நடந்ததைச் சொன்னேன். காய்ச்சல்காரி உளறுவதைக் கேட்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

நேற்று சாப்பாட்டுக் கடையில் காபியைக் குடித்துவிட்டுக் கோப்பையை வைக்கிறேன். டிராக்டர் மெக்கானிக் பாய்ட் பக்கத்து மேசையிலிருந்து, "இடெல்லா, நல்லா எட்டிப் பாத்துட்டு வை. காலின்னு நெனப்ப, உள்ள ஒண்ணு நிக்கும்" என்கிறான். பரிமாறுகிற பெண் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். நான் சில்லறையை வைத்துவிட்டு வெளியே வந்து வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டேன். 

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஷெரிஃப் ஆபீஸ் ஆள், "யார் கையில இருந்துச்சு?" என்று கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. நீ சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ, "அக்கா கையில" என்றாய். அப்போதும் பேசாமல் நின்றேன். தம்பி மூச்சு வாங்கட்டும், நாளைக்குத் தானே போய்ச் சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். ஒரு வாரம் அப்படி நினைத்தேன். இப்போது நான் சொன்னால் யார் நம்புவார்கள்?

லெனோர் கையைப் பற்றி என்னிடம் கேட்காதே. அவள் வீட்டு வாசலில் தபால் பெட்டி இருக்கிறது.

குழந்தைக்கு என் முத்தம்.

இடெல்லா


வில்லோ ஃபிளாட்
டிசம்பர் 16

அன்புள்ள அக்கா,

நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். கிறிஸ்துமஸுக்கு ஹக்கிள்பெரி ஜாம் அனுப்புகிறேன், ஷெல்பி கிண்டியது. சர்க்கரையைப் பார்த்துச் சாப்பிடு.

எழுத நேரமே இல்லை. ஜூனியின் அப்பா அவளுக்குப் பொம்மை வீடு ஒன்று செய்து கொடுத்திருக்கிறார். அதற்குச் சாமான் சேர்க்கிறோம். தீப்பெட்டியில் கட்டில், சோடா மூடியில் சாப்பாட்டுத் தட்டு. பித்தளையில் பளபளவென்று ஒன்றை எங்கிருந்தோ எடுத்து வந்து கூடத்தில் நிறுத்தி வைத்து, "தாத்தா, இதான் இவங்க வீட்டு வெளக்கு" என்றாள். நல்ல சிரிப்பு. பிறகு நான் அதை எடுத்துவிட்டு ஒரு பித்தளைப் பொத்தானை வைத்தேன்.

லெனோர் பியானோ வாசிக்கிறாளா?

வெர்லன்


கோல்டர்ஸ் பெண்ட்
டிசம்பர் 21

வெர்லன்,

ஜாம் வந்தது. நன்றாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் அதுவும் ஒரு பொய்.

அந்த விளக்கு தோட்டா. நீ எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். பித்தளை, நிறுத்தினால் நிற்கும், நீ அவசரமாக எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தாய். நாலு வயதுப் பிள்ளை கைக்கு அது எப்படி வந்தது? அந்த வீட்டில் எத்தனை வைத்திருக்கிறாய்? ஒன்று குறைந்தது உனக்குத் தெரியாமல் போகும் அளவுக்கா? குழந்தை உன் மடியில் ஏறும்போது பிஸ்டல் எங்கே இருக்கிறது?

என் பெயரை விடு. பெயர் போனது போனதுதான், அதற்கு நான் தனியாக உன்னோடு சண்டை போட்டுக்கொள்கிறேன். இப்போது நான் கேட்பது ஒன்றுதான். பின் அறையில் நடந்ததை ஷெல்பியிடம் சொல். எண்ணத் தெரியாதவனிடம் தன் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறோம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டும். ஜனவரி முடிவதற்குள் நீ சொல்லவில்லை என்றால் நான் அவளுக்கு எழுதுவேன். மிரட்டுகிறேன் என்று நினைத்தால் மிரட்டல்தான்.

பனியில் வழுக்கி விழாதே.

இடெல்லா


வில்லோ ஃபிளாட்
ஜனவரி 28

அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதவும் கிழிக்கவுமாக இருந்ததில் தாமதமாகிவிட்டது.

அவளிடம் சொல்லாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

அன்றைக்குச் சாயங்காலமே விஷயம் கேள்விப்பட்டு ஷெல்பி போன் செய்தாள். எடுத்தவுடன் அவள் கேட்டது, "அப்பா, அது நீங்க இல்லயே?" குழந்தை இருக்கிற வீட்டுக்கு நான் வருவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவள் புருஷனுக்கு அதில் ஏற்கெனவே இஷ்டமில்லை. "இல்லம்மா" என்று வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு அதற்கேற்ப மற்றவர்களிடமும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. ஷெரிஃப் ஆளிடம் முதலில் உளறினேன் என்றால், அதை நிலைநிறுத்தியது அந்தப் போன்தான்.

நீ கேட்டாய், அதனால் சொல்கிறேன். இப்போது இடுப்பில் மூன்று மேகசின், குளிர் சட்டையின் உள் பையில் உதிரித் தோட்டாக்கள். முன்னைவிட அதிகம். திருடனுக்குப் பயந்து இல்லை. தினமும் காலையில் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நாற்காலி மேல் தள்ளி எண்ணுகிறேன். எத்தனை தடவை எண்ணினாலும் எங்கேயோ ஒன்று மிச்சம் இருப்பதுபோலவே இருக்கிறது. மறுபடியும் எண்ணுகிறேன். இதை யாரிடம் சொல்ல?

ஜூனி இல்லாமல் எனக்கு என்ன இருக்கிறது, அக்கா.

வெர்லன்


வில்லோ ஃபிளாட்
பிப்ரவரி 19

அன்புள்ள அத்தைக்கு,

ஷெல்பி எழுதுகிறேன். உங்களுக்கு உடம்பு சௌகரியம்தானே? உங்கள் கடிதம் வந்தது. படித்துவிட்டு இரண்டு நாள் என்னிடமே வைத்திருந்தேன். பிறகு அப்பாவிடமே கொடுத்தேன்.

அவர் படித்துவிட்டு மடித்து வைத்தார். "உங்க அத்தைக்கு ஊர்ல அவமானமாப் போச்சு. பாவம், பழிய எங்கயாவது எறக்கி வைக்கணும்ல" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அத்தை, உங்களை எனக்குப் பிடிக்கும். ஆனால் இப்படி எழுதியிருக்க வேண்டாம். அப்பா துப்பாக்கியை நம்பர் பூட்டு போட்ட இரும்புப் பெட்டியில்தான் வைக்கிறார், நானே பார்த்திருக்கிறேன். கட்டிலுக்கு அடியிலும் தேடினேன், ஒன்றுமில்லை. கொஞ்ச நாள் எங்களுக்கு எழுதாமல் இருங்கள்.

மருந்தை வேளைக்குச் சாப்பிடுங்கள்.

ஷெல்பி


கோல்டர்ஸ் பெண்ட்
பிப்ரவரி 26

ஷெல்பிக்கு,

சுகம். எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். பொம்மை வீட்டு விளக்கு பூட்டிய பெட்டிக்குள்ளிருந்து நடந்து வரவில்லை. கட்டிலுக்கு அடியில் தேடாதே. அவன் குளிர் சட்டையின் உள் பையில் பார்.

குழந்தை நன்றாக இருக்கட்டும்.

இடெல்லா அத்தை


வில்லோ ஃபிளாட்
ஏப்ரல் 23

அன்புள்ள அக்கா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

மேலே எழுதியிருப்பது அதே ஊர்ப் பெயர்தான், வீடு வேறு. டயர் கடைக்கு மேலே ஒரு அறையில் இருக்கிறேன்.

நீ எழுதிய பிறகு ஷெல்பி என் சட்டையில் கை விட்டுப் பார்த்தாள். உதிரி கிடைத்தது. அதைக் கொண்டு வந்து மேசையில் வைத்தாள். உபரி, பழக்கம் என்று எதையோ சொல்லிச் சமாளித்தேன். இனிமேல் எல்லாமே பெட்டிக்குள் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். மற்றதை நான் அப்போதும் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஷெல்பி பான்கேக் சுட்டுக்கொண்டிருந்தாள். ஜூனி சமையலறைத் தரையில் உட்கார்ந்து பொத்தான்களை ஒவ்வொன்றாக நாற்காலி மேல் தள்ளினாள். என் அறைக் கதவு சரியாக மூடிக்கொள்ளாது. நான் எண்ணுவதை எத்தனை நாள் காலையில் பார்த்திருக்கிறாளோ தெரியவில்லை. கட்டை விரலால் தள்ளுவதுகூட என்னைப்போலவே.

"எட்டு, ஒம்பது, பத்து. காலி" என்றாள். சொல்லிவிட்டு ஒற்றை விரலை அம்மாவின் முதுகுக்கு நேராக நீட்டினாள். "டுமீல்!"

ஷெல்பி திரும்பாமலே, "ஐயோ, செத்துட்டேன். இப்ப பாகு யாரு ஊத்துவா?" என்று சிரித்தாள்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்பா? என்னப்பா?"

"இப்படித்தாம்மா பண்ணேன்."

"என்ன பண்ணீங்க?"

"பத்து எண்ணிட்டு, காலின்னு சொல்லிட்டு அழுத்துனேன். லெனோர் கைல பட்டது நான் சுட்டது. உன் அத்தை இல்ல."

அவள் அடுப்பை அணைத்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். "நான் போன்ல கேட்டேனேப்பா" என்றாள். அவ்வளவுதான். அதைத் தவிர வேறு எதையாவது சொல்லித் திட்டியிருக்கலாம். சாயங்காலத்துக்குள் அவள் புருஷன் என் சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டார். ஞாயிறுகளில் ஒரு மணி நேரம் சாப்பாட்டுக் கடையில் ஜூனியைப் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் அம்மாவோடு உட்காருவாள்.

பிஸ்டலையும் மேகசின்களையும் ஷெரிஃப் ஆபீசில் கொடுத்துவிட்டேன். இடுப்பில் இப்போது ஒன்றுமில்லை. கடைக்குப் போனால் பழக்கத்தில் கை அங்கே போகிறது. யாராவது பார்த்துவிட்டார்களோ என்று சட்டையைச் சரிசெய்வதுபோல் நடிக்கிறேன்.

என்ன செய்ய வேண்டும் என்று சொல், அக்கா. செய்கிறேன். லெனோர் எப்படி இருக்கிறாள்?

வெர்லன்


கோல்டர்ஸ் பெண்ட்
மே 6

தம்பி வெர்லனுக்கு,

நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். அந்த அறையில் அடுப்பு இருக்கிறதா? டயர் கடைக்கு மேலே என்றால் ரப்பர் நாற்றம் இருக்கும், ஜன்னலைத் திறந்து வை. முழங்காலுக்குச் சுடுநீர் ஒற்றடம் கொடு.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். லெனோருக்கு வலது கையில் கடைசி இரண்டு விரலும் மடங்குவதில்லை. வீட்டுப் பியானோவை மூடி, அதன் மேல் செடித் தொட்டி வைத்திருக்கிறாள். சபையில் இப்போது ஒரு பெட்டியிலிருந்து பாட்டுப் போடுகிறார்கள்.

நீயே வாயைத் திறந்து சொல்ல வேண்டும் என்று, ஜனவரியில் நீ எழுதியதை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தேன். இந்தத் தடவை உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். என்னைச் சந்தேகப்பட்டதற்கு வருத்தப்படுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன், மறைப்பானேன். அவள் கேட்டது வேறு. "அன்னிக்கே ஏன் சொல்லல, இடெல்லா? நீ சொல்லிருந்தா நான் நம்பிருப்பேனே" என்றாள்.  மடக்க முடியாத கையாலேயே கதவைத் திறந்து விட்டாள். நான் வெளியே வந்தேன்.

ஐந்து போதும் என்ற என் பேச்சு மாறாது. உன்னிடம் சொல்வேன், போதகரிடம் சொல்வேன், எந்த மேசையிலும் சொல்வேன். ஆனால் அவள் சமையலறையில் நின்றபோது அது வாயில் வரவில்லை. ஐந்தா பதினொன்றா என்று நாம் அடித்துக்கொண்டதற்கு நடுவில் அவள் உட்கார்ந்து பாட்டுப் பழகிக்கொண்டிருந்தாள்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாய். சொல்கிறேன், மாற்றம் கிடையாது.

சபைக்கு எழுதுவது நீ. "விபத்து நேர்ந்தது" என்று எழுதாதே, "நான் சுட்டேன்" என்று எழுது. அதை ஞாயிற்றுக்கிழமை ஒரு வரியும் வெட்டாமல் வாசிப்பது போதகர் ஹாலிஸ். குழல் விஷயம் எனக்குத் தெரியாது என்று சொன்னதைத் திரும்பப் பெறுவதும் அவரே, இனிப்புப் பண்டம் இல்லாமல்.

இரண்டு உபரி மேகசின் சட்டத்தைக் கிழித்துப் போடுவது காவல் குழு. அதற்குப் பதிலாக, ஒருவர் காலி என்று சொன்னால் இன்னொருவர் குழலைத் திறந்து கண்ணால் பார்த்த பிறகே அது காலி என்று வைப்பதும் அவர்களே. என்னைத் திரும்பச் சேர்ப்பதா என்று யோசிப்பது அவர்கள் வேலை இல்லை. நான் சேரப் போவதில்லை.

ஷெரிஃப் ஆபீசில் போய்த் திருத்தி எழுதச் சொல்வது நீ, நேரில். அன்றைக்கு நான் பேசாமல் நின்றேன் என்று அதே ஆளிடம் சொல்வது நான். அதற்கு என்ன வருமோ, உன் பங்கை நீயும் என் பங்கை நானும் சுமப்பது.

எப்போது வீட்டுக்குள் விடுவாய் என்று ஷெல்பியை ஒரு தடவைகூடக் கேட்காமல் இருப்பது நீ. நானும் கேட்க மாட்டேன்.

பாய்டுக்குப் பதில் சொல்வது நான். அதை யாரும் எனக்காகச் செய்ய வேண்டாம்.

டிக்கெட் வாங்கிப் புறப்பட்டு வருவது நீ. பஸ் நிற்கும் இடத்துக்கு வண்டி கொண்டு வருவது நான். வருகிற வழியில் உன்னிடம் நான் பேசாமல் வந்தால் பொறுத்துக்கொள்வது நீ.

லெனோர் வீட்டுக் கதவைத் தட்டுவது நீ. திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது லெனோர்.

இடெல்லா